ஒட்டாத வளையம்

ஜனவரி 8

மச்சானுக்கு,

உங்க வீட்டுல யாருக்கும் இருமல் சளி இல்லாம இருக்கணும். எனக்கு முழங்கால் வலி, காது மந்தம், பல்லுல பாதி இல்ல. மிச்சமெல்லாம் புதுசு போலத்தான் இருக்கு.

ஃபோன் இருக்கறப்ப இந்தக் கிழவன் எதுக்குக் கடுதாசி எழுதறான்னு நினைப்பே. எல்லாம் உங்க அக்கா உத்தரவு. போன தடவை உன்கிட்ட பேசினேன்ல, எனக்குக் காது கேக்காததால உனக்கும் கேக்காதுன்னு நினைச்சு கத்திட்டேனாம். கீழ்வீட்டு தையல்காரர் மாடியேறி வந்து, "அம்மாவுக்கு வயித்துல பை வச்சிருக்காங்களாமே, தைக்கணும்னா சொல்லுங்க"ன்னு விசாரிச்சுட்டுப் போனார். அன்னையிலேர்ந்து ஃபோன் உங்க அக்கா தலகாணிக்கு அடியில.

விஷயத்துக்கு வரேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது உனக்குத் தெரியும். கெட்டுப்போன குடலை எடுத்துட்டு, மிச்சக் குடலோட நுனியை வயித்து மேல கொண்டுவந்து ஒரு சின்ன வாய் வச்சு விட்டிருக்காங்க. வர்றதெல்லாம் அது வழியா பையில விழும். கோடை முடியறதுக்குள்ள திரும்ப உள்ள வச்சு மூடிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆனா எடை ஏறணும். ஏறலைன்னா கத்தியைத் தொட மாட்டேன்னுட்டார்.

இதுல வில்லன் யாருன்னா, பையையும் தோலையும் சேத்துப் பிடிக்கிற வளையம். ரப்பருன்னும் சொல்ல முடியல, பிசைஞ்ச மாவுன்னும் சொல்ல முடியல. ஓரத்துல ஒழுகுது. ஒழுகின இடமெல்லாம் தோல் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸ் மாட்டச் சொல்லிக்கொடுத்தப்ப உங்க அக்கா என்னை வெளிய நிக்க வச்சுட்டா, "நீங்க எதுக்கு வேடிக்கை"ன்னு. இப்ப அவளுக்குக் கை நடுங்குது, வேடிக்கை பாக்காதவன்தான் மாட்டறேன். வாழ்நாள் பூரா பம்ப் ஹவுஸ்ல ஒழுகறதை நிறுத்தியே சம்பளம் வாங்கினவன், கட்டின பொண்டாட்டிகிட்ட தோத்து நிக்கறேன்.

அவ அறையை விட்டு வர்றதில்ல. யாரையும் பாக்கறதில்ல.

எங்க பொண்ணு வாலுக்கு எதுவும் தெரியாது. அது கப்பல் ஏறினப்புறம்தான் இவளுக்கு வயித்து வலியே வந்துது. அந்தக் குளிர் தீவுல கடல்நாய் முதுகுல கருவி ஒட்டி, அதுங்க எவ்வளவு ஆழம் முங்குதுன்னு பாக்குது. தெரிஞ்சா அடுத்த கப்பல்லயே வந்து நிக்கும், இத்தனை வருஷப் படிப்பு பாதியில நிக்கும்னு உங்க அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நானும் வாயை மூடிக்கிட்டிருக்கேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும்.

உங்க கம்பெனியில இந்த வளையம்தானே செய்யறீங்க? நீதானே அங்க பசை டாக்டர்? பொண்ணு பாக்கப் போனப்பவே விரல்ல பசையோட போய் தண்ணி டம்ளரை விட முடியாம உக்காந்திருந்தவன் நீ. நல்லதா ஏதாவது அனுப்பு.

பிள்ளைங்களைக் கேட்டதா சொல்லு.

உன் மாமா

---

ஜனவரி 16

என் வாலுக்கு,

அப்பா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் திடமா இருக்கோம். உன் காது ரெண்டும் இருந்த இடத்துலயே இருக்கான்னு தொட்டுப் பாத்து எழுது. அந்தக் குளிர்ல காது தனியா கழண்டு விழுந்துடும்னு பம்ப் ஹவுஸ் வாட்ச்மேன் சொல்றான். அவன் எங்கயும் போனதில்ல, ஆனா எல்லாம் தெரியும்.

தெருவுல உன்னைப் பத்திக் கேக்கறாங்க. நாய் ஆராய்ச்சின்னு சொல்லி வச்சிருக்கேன். "நம்ம தெருவுல இல்லாத நாயா? இதுக்கு எதுக்குக் கப்பல்?"னு தையல்காரர் கேட்டார். "இது காலில்லாத நாய், துரத்தினா நாம ஜெயிச்சுடலாம்"னேன். மனுஷனுக்கு ரொம்ப திருப்தி.

அதுங்க கிட்ட போறப்ப ஜாக்கிரதை. உன் பேச்சைக் கேட்டா அதுங்களும் தண்ணிக்குள்ள ஓடிடும்.

அம்மா வேலையா இருக்கா. கீழே அவளும் ரெண்டு வரி எழுதியிருக்கா.

உடம்பைப் பாத்துக்கோ.

அப்பா

கண்ணு, உடம்பைப் பாத்துக்கோ. வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்களைப் பத்திக் கவலைப்படாதே. நீ நல்ல பெண். அம்மா.

---

ஜனவரி 30

மாமாவுக்கு வணக்கம்.

இங்கு அனைவரும் சுகம். அக்காவின் உடல்நிலை அறிந்து மனம் சரியில்லை. உங்கள் முழங்காலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். இது இன்னும் கடைக்கு வராத வளையம். இதன் கலவைக்காகச் சில வருடங்களாக உழைத்துக்கொண்டிருக்கிறேன். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே தோலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். எடுக்கும்போது தோல் உரியவும் கூடாது. பிடிப்பதும் விடுவதும் ஒரே பொருளில் வர வேண்டும் என்பதுதான் எங்கள் தலைவலி. ஒரு சில வீடுகளில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறோம். அக்கா சம்மதித்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் தோலைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். வளையத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி மாட்டுங்கள். பிறகு கையை எடுக்காமல் சிறிது நேரம் அழுத்திக்கொண்டிருங்கள். அவ்வளவுதான். எப்படிப் பிடிக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். அதை வைத்துத்தான் எங்கள் தலைமை அதிகாரி முடிவெடுப்பார்.

நான் பெண் பார்க்கப் போன கதையை இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்?

அக்காவுக்கு என் அன்பு.

---

பிப்ரவரி 19

பசை டாக்டருக்கு,

நீயும் குடும்பமும் சுகம்தானே. இங்க சுகம்னு எழுத ஆசைதான்.

உன் வளையம் ஒழுகுது. முதல் நாள் மத்தியானம் வரைக்கும் நின்னுது, நான் தையல்காரர்கிட்ட போய் உன்னைப் பத்தி ரொம்ப பெருமையா பேசிட்டு வந்தேன். திரும்பி வந்தா ஓரம் மொத்தமா தூக்கிக்கிட்டு நிக்குது. அப்புறம் தினமும் அதே கதை. பழசாவது கொஞ்சம் அறிகுறி காட்டிட்டு ஒழுகும். உன்னோடது சொல்லாம கொள்ளாம வழுக்கிக்கிட்டு போயிடுது.

கழுவினியா, காய வச்சியான்னு கேப்பே. கழுவினேன், காய வச்சேன், சூடேத்தினேன், எல்லாம் முறைப்படிதான். வளையம் மாட்ட எனக்கே சொல்லித்தர்றியா நீ? நீ பள்ளிக்கூடத்துல அழிரப்பரைக் கடிச்சிட்டிருந்தப்ப நான் லாரி சக்கரம் உசரத்துக்கு வளையம் மாட்டியிருக்கேன்.

உங்க அக்கா நேத்து மாட்டறப்ப, "பம்ப் ஹவுஸ்லயும் இப்படித்தான் வேலை பாத்தீங்களா?"ன்னா. "அங்க பம்ப் எதிர்த்துப் பேசாது"ன்னேன். கொஞ்சம் சிரிச்சா. சிரிச்சதுல ஓரம் விட்டுக்கிச்சு. அப்புறம் நான் ஜோக் அடிக்கறதையும் நிறுத்திட்டேன்.

துணி துவைச்சே கை தேஞ்சுபோச்சு. தூக்கம்னு ஒண்ணு இருந்துது, அது எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியல.

வேற நல்லதா செஞ்சு அனுப்பு. உடம்பைப் பாத்துக்கோ.

மாமா

---

பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

காது இரண்டும் இருக்கின்றன. உங்களுக்கு எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு?

இங்கே நாங்கள் இருப்பது தகரக் கொட்டகை. ஜன்னலைத் திறந்தால் கடல்நாய்களின் வாடை, மூடினால் நாங்கள் ஐந்து பேரும் காயவைத்த காலுறைகளின் வாடை. வெளியே கூழாங்கல் கரை முழுக்கத் தாய்களும் குட்டிகளும். பால் கொடுக்கும் நாட்களில் தாய் எதையும் தின்பதில்லை. குட்டி கண் முன்னால் உப்புகிறது, தாய் கண் முன்னால் இளைக்கிறது. பிறகு ஒருநாள் கடலுக்குள் போய்விடுகிறது. எங்கே போகிறது, எவ்வளவு ஆழம் போய்ப் பசியாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கருவி.

அதன் மூக்கு உங்களுக்குப் பிடிக்கும். சும்மா இருந்தால் மூடியே இருக்கும். திறக்கத்தான் அது பலம் கொடுக்க வேண்டும். களைத்துத் தூங்கினால் தானாகவே மூடிக்கொள்ளும், ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது.

வேலைதான் சரியில்லை அப்பா. மயக்க ஊசி போட்டு, முதுகு மயிரில் பசை தடவிக் கருவியை ஒட்டுகிறோம். கடலுக்குள் போன கொஞ்ச நாளிலேயே கழன்று விழுகிறது. முதல் தொகுதிக் கருவிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. எங்கள் குழுத் தலைவர் கோபப்படுவதைக்கூட நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு தொகுதிதான் இருக்கிறது. அதுவும் விழுந்தால் ஆய்வேட்டில் நான் எழுத ஒன்றுமே இருக்காது.

ஒன்று கேட்கிறேன். அம்மா எழுதியதாக இருந்த வரிகளில் திட்டே இல்லை. "நீ நல்ல பெண்" என்று அம்மா என்னை எப்போது சொன்னார்கள்? அம்மாவையே எழுதச் சொல்லுங்கள்.

இருவரும் நேரத்துக்குத் தூங்குங்கள்.

வாலு

---

மார்ச் 20

என் வாலுக்கு,

காது இருக்கறது தெரிஞ்சு மனசு நிம்மதியாச்சு. இங்க எல்லாம் வழக்கம் போலத்தான். உன் ஜலதோஷம் எப்படி இருக்கு, அது வந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.

அந்த மூக்கு சமாச்சாரத்தை ரெண்டு தடவை படிச்சேன். சும்மா இருந்தா மூடிக்கும், திறக்கத்தான் கஷ்டப்படணும். உங்க அம்மா வாய்க்கு நேர் எதிர்.

அவளுக்குக் கண்ணாடி உடைஞ்சுபோச்சு, அதனால எழுதல. புதுசு வாங்கினதும் எழுதுவா, திட்டையெல்லாம் சேத்து வச்சிருக்கா.

உன் கருவி கழண்டு போறதைக் கேட்டா பாவமா இருக்கு. இங்கயும் எனக்கு அதே பொழப்புதான். வீட்டுல ஒரு பழைய பம்ப், கொஞ்ச நாளா வேலை வச்சுக்கிட்டிருக்கு. உங்க மாமா புதுசா ஒரு வளையம் அனுப்பினான், ஒரு பக்கம் ஒட்டிப் பிடிக்கிற வகை. மாட்டிப் பாத்தா நிக்கவே மாட்டேங்குது. தொழில் தெரியாதவன் வறட்டு வளையத்தை அப்படியே அழுத்துவான், நான் அப்படியா? வழக்கம் போல வளையத்துக்கும் அடியிலயும் நல்லா எண்ணெய் தடவி, வழவழன்னு உக்கார வச்சுதான் அழுத்தறேன். அதுவும் அடியில புண்ணா இருக்கறதால எண்ணெய் இதமா இருக்கட்டும்னு கொஞ்சம் தாராளமாவே விடறேன். அப்படியும் ஒழுகுது. கம்பெனி சரக்கு சரியில்ல. உங்க மாமாகிட்ட சொல்லிடாதே, அழுதுடுவான்.

நீ இதையெல்லாம் நினைச்சுக்கிட்டிருக்காதே. நாயைக் கவனி. ஸ்வெட்டரைக் கழட்டாதே.

அப்பா

---

ஏப்ரல் 2

மாமாவுக்கு வணக்கம்.

நாங்கள் நலமாக இருக்கிறோம், களைப்பைத் தவிர வேறு வியாதியில்லை. அக்கா சாப்பிடுகிறார்களா? எடை ஏறியதா?

உங்கள் கடிதத்துக்குப் பிறகு கலவையை மாற்றினேன். போதாதென்று இன்னொரு முறையும் மாற்றினேன். ஆய்வகத்தில் செயற்கைத் தோலில் வைத்து, சூடான தண்ணீரை மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தாகிவிட்டது, அசையவில்லை. மற்ற வீடுகளிலும் பெரிய புகார் இல்லை. உங்கள் வீட்டில் மட்டும் ஒரு நாள்கூட நிற்பதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. "சொந்த அக்கா உடம்பிலேயே நிற்காததை ஊருக்கு எப்படி விற்பது?" என்று அதிகாரி கேட்டார்.

இந்தப் பெட்டிதான் கடைசி. இதுவும் நிற்காவிட்டால் சோதனையை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்.

மாமா, உங்கள் கையெழுத்து கோணலாக வருகிறது. விடுப்புக் கேட்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. நீங்கள் தூங்குகிறீர்களா? அக்காவைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள்.

அன்புடன்

---

ஏப்ரல் 17

மச்சான்,

எல்லாரும் சௌக்கியமா இருங்க.

பெட்டி வந்துது. ஒழுகுது. இந்தத் தடவை உன்னைக் கிண்டல் பண்ணவும் தெம்பு இல்ல, நீயே பண்ணிக்கோ.

போன வாரம் டாக்டர்கிட்ட போனோம். வரவே மாட்டேன்னவளை, "உன் தம்பி செஞ்ச புது வளையம், கல்லு மாதிரி நிக்கும்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். காத்திருக்கிற இடத்துல ஒரே கூட்டம். பாதியில என் கையைப் பிடிச்சா. பாத்தேன், துணி நனைஞ்சிருக்கு. எதிர்ல உக்காந்திருந்தவங்க கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு எழுந்து போயிட்டாங்க. நான் என்னோட சட்டையைக் கழட்டி அவ மடியில போட்டேன். பனியனோட டாக்டர் முன்னால உக்காந்தேன். "உங்களுக்கு என்ன செய்யுது?"ன்னு அவர் என்னைக் கேட்டார்.

எடை ஏறல. இறங்கியிருக்கு. இப்படியே போனா ஆபரேஷனை நினைச்சே பாக்க வேண்டாம்னார்.

வீட்டுக்கு வந்ததும்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. அவ சாப்பிடறதில்ல மச்சான். நான் தட்டை வச்சுட்டு துணி அலசப் போவேன், வந்து பாத்தா தட்டு காலியா இருக்கும். சாப்பிட்டான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் காகிதத்துல கட்டி குப்பையில போட்டிருக்கா. "ஏன்டி?"ன்னு கேட்டேன். "உள்ள போனாத்தானே வெளிய வரும்? உங்களுக்கும் துவைக்கற வேலை மிச்சம்"னா. கோபமாக்கூட சொல்லல.

வாலு எழுதியிருந்தா, தாய்க் கடல்நாய் பால் கொடுத்து முடியற வரைக்கும் பட்டினி கிடக்குமாம். அதுக்காவது ஒரு குட்டி உப்புது. இங்க யாரு உப்பறா? நானும் இளைச்சுதான் போறேன்.

எனக்கு வேற வழி தெரியல. சத்தியத்தை மீறி வாலுக்கு எழுதிடலாமான்னு பேனாவை எடுத்தேன். அவ அறையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தா. உனக்கு எழுதறேன்னு சொல்லி உனக்கே எழுதிட்டேன்.

மாமா

---

ஏப்ரல் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? ஜலதோஷம் வந்தது, போனது, திரும்ப வந்தது. மற்றபடி நலம். அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கியாயிற்றா?

நல்ல செய்தி. கருவி நிற்கிறது! எங்கள் தவறு என்ன தெரியுமா? கடல்நாயின் மயிரில் இயற்கையாகவே ஒரு எண்ணெய் ஊறும். தண்ணீர் தோலுக்குப் போகாமல் அதுதான் காக்கிறது. நாங்கள் துண்டால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று பசையைத் தடவிக்கொண்டிருந்தோம். காய்ந்துதான் இருந்தது, ஆனால் எண்ணெய் அப்படியே இருந்தது. பசை மயிரைப் பிடிக்கவில்லை, எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது முதலில் எண்ணெயை எடுத்துவிட்டு ஒட்டுகிறோம். கடைசித் தொகுதியில் இதுவரை ஒன்றும் விழவில்லை. நேற்று ஒன்று எங்கள் கணிப்பையெல்லாம் தாண்டி ஆழம் போய்விட்டு வந்தது. கொட்டகையே கூத்தாடியது.

உங்கள் வளையத்தைப் பற்றிப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. உராய்கிற இடத்துக்கு எண்ணெய் வேண்டும், சரி. ஒட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் விட்டால் அது எப்படி அப்பா பிடிக்கும்? துளிகூடத் தடவாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

ஆனால் எனக்குப் புரியாதது வேறு. நாம் இருப்பது மாடியில், வாடகைக்கு. தண்ணீர் குழாயில் வருகிறது. நம் வீட்டில் பம்ப் ஏது? பம்புக்கு அடியில் புண் எப்படி வரும்?

நீங்கள் சொல்லாவிட்டால் பரவாயில்லை. அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோணலாக இருக்கட்டும்.

வாலு

---

மே 21

மச்சானுக்கு,

எல்லாருக்கும் என் அன்பு. உடம்பெல்லாம் எப்படி இருக்கு?

உன் வளையம் நிக்குது. அதே கடைசிப் பெட்டிதான், எதையும் மாத்தல. நேத்து காலையில மாட்டினது, இன்னைக்கும் சும்மா இருக்கு. அவ எழுந்து நின்னு பாத்தா, குனிஞ்சு பாத்தா, இருமிப் பாத்தா. நான் ஜோக் கூட அடிச்சுப் பாத்தேன்.

நீ எழுதியிருந்தியே, தோல் சுத்தமா, காய்ஞ்சு இருக்கணும்னு. சுத்தமா இருந்துது. காய்ஞ்சும் இருந்துது. அப்புறம் நான் அதுல எண்ணெய் தடவினேன்.

படிச்சிட்டு ஒரு நிமிஷம் எழுந்து நடந்துட்டு வா. அப்புறம் திட்டு.

எந்த வளையத்தையும் எண்ணெய் இல்லாம மாட்டினா கை கூசும் மச்சான் எனக்கு. அது கையோட பழக்கம், என்னைக் கேட்டுட்டு செய்யல. பொண்ணு நாய்க்கு ஒட்டற பசையைப் பத்தி எழுதினா, அப்பத்தான் எனக்கு உறைச்சுது. உங்க அதிகாரிகிட்ட போய் சொல்லு, கலவையில குத்தமில்ல, சோதனை பண்ணின கிழவன்கிட்டதான்னு. அவர் நம்பலைன்னா நான் நேர்ல வரேன், என் மூஞ்சியைப் பாத்தா நம்பிடுவார்.

இன்னைக்கு அவ சாப்பிட்டா. நான் எதிர்லயே உக்காந்து பாத்தேன். "என்ன, டிக்கெட் வாங்கிட்டு வந்த மாதிரி பாக்கறீங்க?"ன்னா.

உடம்பு ரொம்ப அசதியா இருக்கு. மத்ததைப் பின்னால எழுதறேன்.

மாமா

---

ஜூன் 27

கண்ணு,

அம்மா எழுதறேன். அங்க குளிர் குறைஞ்சுதா? ஜலதோஷத்தோட ஈரத் தலையில கொட்டகைக்கு வெளிய நிப்பேன்னு எனக்குத் தெரியும், அறிவு இருந்தா துடைச்சுக்கோ. என் கண்ணாடி உடையல. அது எப்பவும் நல்லாத்தான் இருந்துது.

நம்ம வீட்டுல பம்ப் எதுவும் இல்ல. அது நான்தான்.

நீ போனப்புறம் எனக்குக் குடல்ல ஆபரேஷன் ஆச்சு. வயித்துல ஓட்டை போட்டு பை வச்சிருக்காங்க. பயப்படற வியாதி இல்ல, எடுத்தாச்சு, போயாச்சு. பைதான் ஒழுகிக்கிட்டே இருந்துது. உங்கப்பா மாட்டி மாட்டி ஒழுகிச்சு. நான் அறையை விட்டு வரல, சாப்பிடவும் இல்ல. உன் கடுதாசி வந்த அன்னைக்கு அவர் படிச்சுட்டு எண்ணெய்க் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு நின்னார். "என்னங்க?"ன்னேன். "இன்னையிலேர்ந்து எண்ணெய் வேண்டாம், விலை ஏறிப்போச்சு"ன்னார். அன்னையிலேர்ந்து ஒழுகல. உங்க மாமாகிட்டேர்ந்து கடுதாசி வந்துது, உங்கப்பா அதை எனக்குப் படிச்சுக் காட்ட மாட்டேங்கறார். மாமாவோட கம்பெனி அதிகாரி வளையச் சோதனையைத் தொடரச் சொல்லிட்டாராம், அதை மட்டும் சொன்னார்.

உனக்குச் சொல்ல வேண்டாம்னது நான்தான். உன் படிப்புக்காகன்னு சொன்னேன். பாதி அதுதான். மீதி, நீ என்னை அந்தக் கோலத்துல பாக்கக்கூடாதுன்னு. அதுல உங்கப்பாதான் நொந்துபோயிட்டார். பேசாம இருக்கத் தெரியாத மனுஷனைப் பேசாம இருக்க வச்சேன். உனக்குச் சிரிப்பு வர்ற மாதிரி எழுத வேற வச்சேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு.

இன்னைக்கு டாக்டரைப் பாத்தோம். எடை ஏறியிருக்கு. அடுத்த மாசம் கடைசியில உள்ள வச்சு மூடிடலாம்னுட்டார். நீ இருக்கற வேலையை முடிச்சுட்டு வா. பாதியில வந்தா வாசல்லயே நிக்க வைப்பேன்.

இதை நான் ஆஸ்பத்திரி எதிர்ல பஸ் நிறுத்தத்துல உக்காந்து எழுதறேன். மருந்துச் சீட்டு பின்னாடி இடம் போதாம, பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட காகிதம் கேட்டு வாங்கினேன். எத்தனை மாசமாச்சு தெரியாத ஆள்கிட்ட பேசி. அந்தப் பொண்ணு கிட்டத்துலயேதான் உக்காந்திருந்தா, எழுந்து போகல.

உங்கப்பா உக்காந்ததும் தூங்கிட்டார். ஒழுகலைன்னு தெரிஞ்சும் இன்னும் பாதித் தூக்கத்துல எழுந்து எழுந்து என்னைத் தொட்டுப் பாக்கறார், சொன்னாக் கேக்கறதில்ல. இப்பத்தான் அசந்திருக்கார். என் தோள் மேல வாயைத் திறந்துக்கிட்டு, என்ன குறட்டை. எல்லாரும் பாக்கறாங்க. பாக்கட்டும்.

ரெண்டு பஸ் போயிடுச்சு. அடுத்தது வருது, முன்னாடி சீட்டு காலியாத்தான் இருக்கு. இதுவும் போகட்டும்.

அம்மா